எதுவும் எரியாத இடத்தில் வந்த வாடை

என் அண்ணன் பெற்று, பாதி வழியில் என் கையில் கொடுத்துவிட்டுப் போன அருமை மகனுக்கு, கும்மிடிப்பூண்டி தொடங்கி ஆந்திர எல்லை வரை வெறும் மூக்கால் ஆட்சி செய்த உன் சின்ன நைனா எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தில் ஒரு கதை சொல்லப்போகிறேன். அதை நீ நம்பமாட்டாய், உன் அம்மா நம்பமாட்டார், நீ கட்டிக்கொள்ளப்போகும் தேவி நம்பமாட்டாள், காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உன் பக்கத்து மிஷினில் நிற்கிறவன் நிச்சயம் நம்பமாட்டான் என்று, முப்பது வருடம் என் சட்டைப் பையில் குடியிருந்த கரண்ட் டெஸ்டர் மீது சத்தியம் செய்து உறுதி கூறுகிறேன். ஒரே ஒரு சலுகை தருகிறேன். டாக்டர், மாத்திரை சம்பந்தப்பட்ட இடங்களில் ஊதிப் பெருக்கமாட்டேன். மற்ற இடங்களுக்கு நான் பொறுப்பில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடும். அது ஓடியதால் என்ன ஆயிற்று என்று போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமே பார்த்தோம்.

கவரைப்பேட்டையில் உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் நின்றோம். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகைகள் இன்னும் ஒரு கட்டு பையில் இருந்தன. நீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாய். "சின்ன நைனா, எனக்கு ஒரு மாரி ஆவுது" என்றாய். "இன்னா மாரி?" என்றேன். "மிஷின்ல நின்னுக்கினு இருப்பேன். திடீர்னு எல்லாம் ஒரு கண்ணாடிக்கு அந்தாண்ட போயிடுது. சத்தம் தூரத்துல கேக்குது. என் கை வேல செய்யுது, ஆனா அது என் கை மாரியே இல்ல. யாரோ ஓட்டறாங்க, நான் நின்னு பாத்துக்கினு கீறேன். கொஞ்ச நேரத்துல சரியாப்பூடும். பைக்ல போறப்பகூட ரெண்டு தபா வந்துச்சு. அம்மாகிட்ட சொன்னேன். கண்ணு பட்டிருக்கும், கல்யாணம் முடியுற வரைக்கும் வாயத் தொறக்காதன்னாங்க." அதற்கு நான் என்ன சொன்னேன்? "அது ஒண்ணும் இல்லடா! கல்யாணம் ஆவப்போற ஆம்பளைக்குக் கை மட்டும் இல்ல, தலையே வேற ஆளோடது ஆயிடும்!" டீக்கடை முழுக்கச் சிரித்தது. மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நீயும் சிரித்தாய். பிறகு பாதி டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு பைக்கை எடுத்தாய். அந்தப் பாதி டீயை நான்தான் குடித்தேன். குடிக்கும்போது என் பல் டம்ளரில் பட்டுத் தந்தி அடித்தது. ஏனென்றால் நீ சொன்ன அந்த "ஒரு மாரி" சாயலில் ஒருவனை எனக்குத் தெரியும். அவனோடு நான் நான்கு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

சின்ன வயதில் உனக்குச் சோறு இறங்குவதற்காக நான் சொன்ன மூக்குக் கதை ஞாபகம் இருக்கிறதா? நெல்லூரில் ஒருவன் தோசைக்கல்லைக் காயவைத்தால் கும்மிடிப்பூண்டியில் எனக்குத் தும்மல் வரும் என்பேன். கரண்ட் ஆபீஸில் டிரான்ஸ்ஃபார்மரை ஆன் செய்வதற்கு முன் என் மூக்கிடம் உத்தரவு வாங்குவார்கள் என்பேன். நீ வாயைப் பிளப்பாய், நான் உருண்டையைத் தள்ளுவேன். அந்தக் கதை எங்கே பிறந்தது என்று இப்போது சொல்கிறேன். இரும்புக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் ஆலையில் நான் எலெக்ட்ரீஷியன் என்பது உனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் மீட்டரைவிட மூக்குதான் பெரிய கருவி. மோட்டருக்குள் சுற்றியிருக்கும் செப்புக் கம்பிக்குக் காயில் என்று பெயர். அது சூடேறினால் முதலில் அதன் வார்னிஷ் கருகும். ஒரு மாதிரி இனிப்பும் கசப்புமான வாடை. வாடைக்கு அப்புறம்தான் புகை, புகைக்கு அப்புறம்தான் நெருப்பு. வாடையிலேயே பிடித்துவிட்டால் மோட்டரும் பிழைக்கும், ஆட்களும் பிழைப்பார்கள். அந்த ஆலையில் என் மூக்குதான் முதலில் பிடிக்கும். இது ஊதியது இல்லை. கொஞ்சம்தான் ஊதியது.

உன் அப்பா போன மறு வருடம், காலை ஷிஃப்டில் மூன்றாவது மோட்டர் பக்கம் போகும்போது அந்த வாடை குப்பென்று அடித்தது. பாய்ந்து போய்ச் சிவப்பு பட்டனை அழுத்தினேன். ஓடிக்கொண்டிருந்த மில் நின்றது. உள்ளே பாதியில் மாட்டிய பழுத்த கம்பி ஜிலேபி போலச் சுருண்டு கூரையைத் தொட்டது. அந்த ஜிலேபியை எடுக்க நாற்பது பேரும் ஏழு கிரேனும் வேண்டியிருந்தது. மோட்டரைக் கழற்றிப் பார்த்தோம். காயிலில் ஒரு கீறல் இல்லை. ஆனால் பேரிங் உடைந்து கையோடு வந்தது! இன்னும் இரண்டு நாள் ஓடியிருந்தால் மோட்டரே போயிருக்கும் என்றார்கள். மேனேஜர் என்னைக் கட்டிப்பிடித்தார். அன்று முதல் எனக்கு "மூக்கு மேஸ்திரி" என்று பெயர். அடுத்த முறை வாடை வந்தது, நிறுத்தினேன், திறந்தால் ஒன்றுமே இல்லை. "மேஸ்திரி முன்னாடியே நிறுத்துனதாலதான் ஒண்ணும் ஆவல" என்றார்கள். அதற்கடுத்த முறையும் ஒன்றும் இல்லை. புகழ் இன்னும் ஏறியது. ஆயுத பூஜை அன்று மிஷினுக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர்கள், வரிசையில் என் முறை வந்ததும் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்து கற்பூரம் காட்டினார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு அருள்பாலித்தேன்.

அருள்பாலித்தவனுக்குத் தெரியாதா, என்ன நடக்கிறது என்று? அந்த வாடை மோட்டரே இல்லாத இடங்களிலும் வந்தது. பொன்னேரி பஸ்ஸில் வந்தது. முடிவெட்டும் கடை நாற்காலியில் வந்தது. உன் பள்ளி ஆண்டு விழாவில், நீ மரம் வேஷம் போட்டு அசையாமல் நின்றாயே, அப்போது வந்தது. வாடை வந்ததும் அடிவயிற்றில் இருந்து ஏதோ ஒன்று லிஃப்ட் ஏறுவது போலத் தொண்டை வரை ஏறும். பிறகு எதிரே நடப்பது எல்லாம் ஏற்கெனவே ஒரு முறை நடந்து முடிந்தது என்று தோன்றும். எதிரே இருப்பவர் அடுத்து என்ன சொல்வார் என்பது நாக்கு நுனியில் நிற்கும், வெளியே வராது. அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு நான் இருக்கமாட்டேன். எங்கே போனேன் என்று தெரியாது. திரும்பி வந்து பார்த்தால் கையில் இருக்கும் டீ ஆறியிருக்கும், பக்கத்தில் இருப்பவர் வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். மூக்கில் இருக்கும் பொட்டு அழியக் கூடாது என்ற ஆசை ஒரு பக்கம். மகனே, பயத்தைவிட அந்த ஆசைதான் என்னை அதிகம் கெடுத்தது. எந்த ஊரிலாவது ஒருவன் தன் நோய்க்குக் கற்பூரம் காட்ட விட்டிருக்கிறானா? உன் சின்ன நைனா விட்டான்.

ஒரு முறை ஒரு கிளினிக் வரை போனேன். அங்கேயும் என் வாயை நம்பித்தான் போனேன். "டாக்டர், எனக்கு வரப்போறதெல்லாம் முன்கூட்டியே தெரியுது, வயித்துல ராக்கெட் ஏறுது, ஆந்திராவுல புகையறது இங்க வாடை வருது" என்று கை காலை ஆட்டிச் சொன்னேன். அவர் சிரித்தார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வாயுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். அவர் மேல் தப்பு சொல்லமாட்டேன். நான் சொன்னதைக் கேட்டு யாராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். அதோடு டாக்டரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். வாடை வந்தால் பொருட்படுத்தக் கூடாது. அது வெறும் தலைக்குள் இருப்பது, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் தானாகப் போய்விடும். இந்த மகத்தான வைத்தியத்தைக் கிட்டத்தட்ட ஒரு வருடம் செய்தேன்.

இப்போது இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து உன்னிடம் கொடுத்த கையைப் பார். ஆலையில் என்னோடு வேலை பார்த்த முனுசாமி மாமாவின் வலது கை. முழங்கை வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். மின்னல் ஒன்றை வாலைப் பிடித்து இழுத்துக் கட்டிப்போட்டதில் வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஆறாவது படிக்கும் வரை நீ அதை நம்பினாய். நடந்தது என்னவென்றால், ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு நானும் அவரும், ஆலைக்கே கரண்ட் பிரியும் பேனல் ரூம் வாசலில் குந்தியிருந்தோம். வாடை வந்தது. நான் என் வைத்தியப்படி அசையாமல் இருந்தேன். லிஃப்ட் ஏறட்டும், எல்லாம் முன்பே நடந்ததாகத் தோன்றட்டும், போகட்டும் என்று காத்திருந்தேன். லிஃப்ட் ஏறவில்லை. ஒன்றும் தோன்றவில்லை. அப்படியானால் அது நிஜ வாடை, அந்த இடத்தில் நான் எழுந்திருக்க வேண்டும். முனுசாமி கேட்டார்: "இன்னா மேஸ்திரி, வாடை வருதே, உனக்கு வர்ல?" நான் சொன்னேன்: "அது ஒண்ணும் இல்ல, குந்து." அவர் குந்தவில்லை. என் மூக்கை மதித்துக் குந்தியிருந்தால் தப்பியிருப்பார். உள்ளே போய்ப் பேனல் கதவைத் திறந்தார். முப்பதடி உயரத்துக்கு ஒரு வெள்ளை வெளிச்சம். அவர் கத்தியது மட்டும் எத்தனை அடி என்று என்னால் இன்னும் அளக்க முடியவில்லை.

"ஒண்ணும் இல்ல." இந்த வார்த்தையை என் வாழ்க்கையில் இரண்டு முறை பெரிதாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்று பேனல் ரூம் வாசலில். இன்னொன்று போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில். மூன்றாவது முறை சொல்வதற்குள் என் நாக்கு அறுந்து விழட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முனுசாமி கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய் அதை நானே உரித்து நானே தின்றுகொண்டு, ஒரு வழியாக எல்லாவற்றையும் சொன்னேன். வாடை, லிஃப்ட், காணாமல் போவது, பஸ், முடிவெட்டும் கடை, எல்லாம். அவர் படுத்தபடியே எல்லாம் கேட்டுக்கொண்டார். "நீ சொன்ன எதையும் நான் நம்புனதே இல்ல மேஸ்திரி. நம்பாமயே பதினாலு வருஷம் உன்கூட குந்திக்கினு இருந்தேன், டைம் போவும்னு. இத நம்புறேன்" என்றார். "ஏன்யா?" என்றேன். "உன் கதைல எப்பவும் நீதான் ஜெயிப்ப. இதுல தோக்குற. அப்ப நெசம்தான்." மறு வாரமே சென்னைக்கு ரயில் ஏறினோம். ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியது என் தலையை. கட்டுப் போட்டிருந்தது அவர் கை. வழி நெடுக எல்லாரும் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். அவர் என்னைக் காட்டி, "நோயாளி இவருதான், இவரு குந்தட்டும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி வேறு யாரோ மாதிரி இருந்தேன்.

அது ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி. பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். முனுசாமி இடது கையால் டோக்கனைப் பிடித்தபடி, கட்டுப் போட்ட வலது கையை நீட்டி என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் என் கால் தரையில் படவே இல்லை. வராந்தா முழுக்க ஆகாய மார்க்கமாகப் பறந்து டாக்டர் நாற்காலியில் இறங்கினேன். டாக்டர் ஒரு அம்மா. என்னைவிடச் சின்ன வயது. "சொல்லுங்க, என்ன ஆகுது?" என்றார். "அம்மா, ஆந்திரா வரைக்கும்..." என்று ஆரம்பித்தேன். தொடையில் சுளீர் என்று ஒரு கிள்ளு. "முனுசாமி, நீ வெளிய இரு" என்றேன். "நான் வெளிய போனா நீ இமயமல வரைக்கும் போவ. ஒழுங்கா சொல்லு" என்றார். மகனே, பல்லாயிரம் பொய்களை மூச்சு விடாமல் சொன்ன நான், அன்று அந்த ஒரு உண்மையை அலங்காரம் இல்லாமல் சொல்வதற்குள் சட்டைப் பை டெஸ்டரை நான்கு முறை எடுத்து எடுத்து வைத்தேன். வாடை வருகிறது. வயிறு ஏறுகிறது. நடந்ததே நடப்பது போல இருக்கிறது. பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் தெரிவதில்லை. பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். கால் பக்கம்கூட வராது. அந்தக் கால் பக்கத்துக்கு நான்கு வருடம் ஆனது.

டாக்டர் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் இருக்கும், எத்தனை நாளைக்கு ஒரு முறை, தூக்கம் கெட்டால் அதிகம் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு முனுசாமியிடம் திரும்பி, "நீங்க பார்த்திருக்கீங்களா?" என்றார். முனுசாமி யோசித்துவிட்டு, "சில நேரம் டீ இல்லாமலே டீ குடிக்கற மாரி வாய சப்புவாரு மேடம். சட்ட பட்டன திருகிக்கினே இருப்பாரு. கூப்ட்டா திரும்பமாட்டாரு. ஏதோ கதை யோசிக்கறாருன்னு நெனச்சிக்குவோம்" என்றார். எனக்கே தெரியாத விஷயம் இது. தலையில் ஒயர்களை ஒட்டி ஒரு சோதனை எடுத்தார்கள். எலெக்ட்ரீஷியன் தலைக்கே கனெக்‌ஷன் கொடுத்தார்கள். அப்புறம் குழாய்க்குள் படுக்கவைத்து ஒரு ஸ்கேன். எல்லாம் பார்த்துவிட்டு, இது வலிப்பில் ஒரு வகை, கீழே விழாமல், கை கால் வெட்டாமல் வருவது, மூளையில் ஒரு சின்ன இடத்தில் கரண்ட் தாறுமாறாக ஓடுவதால் வாடையும் மற்றதும் தெரிகிறது, மாத்திரை இருக்கிறது என்றார். "நிறைய பேருக்கு வர்றதுதான்" என்றும் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் ஆறுதலைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. பொட்டு வைத்த என் அபூர்வ சக்திக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, அது நிறைய பேருக்கு வருகிறது!

அலமாரியில் நான் வைத்திருக்கும் மாத்திரை பிரஷர் மாத்திரை என்று உன் அம்மாவிடமும் உன்னிடமும் சொல்லியிருக்கிறேனே, அது பிரஷர் மாத்திரை இல்லை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, இத்தனை வருடமாக. சில மாதத்தில் வாடை குறைந்தது, பிறகு நின்றது. நின்றுவிட்டதே என்ற திமிரில் டாக்டரைக் கேட்காமல் ஒரு வாரம் மாத்திரையை நானே நிறுத்தினேன். அப்போதுதான் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிஜமாகவே கை கால் வெட்டி விழுந்தேன். தாடையில் இருக்கும் தழும்பு பழவேற்காட்டு ராட்சத நண்டு பிடித்த தழும்பு இல்லை, மகனே. விழுந்தபோது யாரோ ஓடிவந்து என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்களாம். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. இரும்பைத் தொட்டால் நிற்கும் என்றால், டன் கணக்கில் இரும்பு ஓடும் ஆலையில், கையில் ஸ்பேனரும் இடுப்பில் கட்டிங் பிளேயருமாக நின்ற எனக்கு எப்படி அய்யா வந்தது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொன்னேரியில் எனக்கு ஒரு பெண் பார்த்து, பேசி முடித்திருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளத் தடை எதுவும் இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். பெண்ணிடம் சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை. கனவில் ஒரு சாமியார் வந்து பிரம்மச்சரிய சத்தியம் வாங்கிக்கொண்டார் என்று ஊருக்குக் கதை கட்டினேன். ஊர் சிரித்தது, கல்யாணம் நின்றது. அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் சரி என்றிருக்கலாம், வேண்டாம் என்றிருக்கலாம். எதைச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. சொல்லும் வாய்ப்பையே நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் அடுத்ததுக்குப் போகிறேன்.

உனக்கு வருவதும் எனக்கு வந்ததேதான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் யார்? எனக்கு வந்தது வாடை, உனக்கு வருவது கண்ணாடி. தூக்கம் கெட்டதால் இருக்கலாம், மனம் எதையோ தாங்க முடியாமல் பின்வாங்குவதாக இருக்கலாம், எனக்கு வந்தது போன்றதாகவும் இருக்கலாம், நான் கேள்விப்படாத வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். மூளை டாக்டரிடம் போகச் சொன்னால் மூளை டாக்டர். மனசு டாக்டரிடம் போகச் சொன்னால் மனசு டாக்டர். மனசு டாக்டர் என்றால் என்ன, கடித்துத் தின்றுவிடுவாரா? பல் வலித்தால் பல்லைக் காட்டுகிறோம். இது வலித்தால் இதைக் காட்ட வேண்டியதுதான். நீ போய் உட்கார்ந்து, டீக்கடையில் என்னிடம் சொன்னாயே, அதே வார்த்தையில் சொல். கண்ணாடிக்கு அந்தாண்ட, என் கை மாதிரி இல்லை, யாரோ ஓட்டுகிறார்கள், பைக்கிலும் இரண்டு முறை வந்தது. என் நான்கு வருடத்தை நீ நாலு வரியில் முடித்துவிட்டாய். என் பரம்பரையில் இவ்வளவு சுருக்கமாகப் பேசியவன் நீ ஒருவன்தான்.

அண்ணி இதைப் படித்தால் படிக்கட்டும். நேற்று அவரிடமே சண்டை போட்டுவிட்டேன். "பொண்ணு ஊட்டுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும், உனக்கு இன்னா தெரியும்? நீ கல்யாணம் பண்ணிக்கினியா, புள்ள பெத்தியா?" என்று கேட்டார். சரியான கேள்விதான். நானும் கேட்டேன்: "மிஷின் உள்ள கை பூட்ச்சுன்னா பொண்ணு ஊட்டுக்குத் தெரியாதா அண்ணி?" அவர் அழுதார். அவர் அழுதால் எனக்குத் தாங்காது என்று உனக்குத் தெரியும், இருந்தும் நான் பின்வாங்கவில்லை. அவர் பயப்படுவது உனக்காகத்தான். அவர் பயத்துக்கு மரியாதை கொடு, அதன் பேச்சைக் கேட்காதே. கல்யாணம் தள்ளிப்போனால் போகட்டும். நின்றால் நிற்கட்டும். வைத்த பத்திரிகையை எல்லாம் வீடு வீடாகப் போய் நானே திரும்ப வாங்கி வருகிறேன், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதை சொல்லி. அப்படி ஒரு நாள் வராது என்று என் மூக்கு சொல்கிறது, ஆனால் அதன் லட்சணம்தான் உனக்குத் தெரிந்துவிட்டதே.

தேவியிடம் நீயே சொல். அவள் அப்பா ஏரியில் வலை போடுகிறவர். காற்று மாறுவது தெரிந்தும் சொல்லாமல் ஆளைப் படகில் ஏற்றுகிறவனை அவர்கள் ஊரில் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று அவளிடமே கேட்டுப் பார். இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடு. மண்டபத்தில் மைக் கிடைத்தால் அதிலும் படி. கவரைப்பேட்டை டீக்கடையில் ஒட்டினாலும் எனக்குச் சம்மதம். அங்கே சிரித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் கையைத் தாங்களே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்களோ, யார் கண்டது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மணவாள நகரில் நீ இருக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறேன். அதுவரை மிஷினில் நிற்காதே. சூப்பர்வைசரிடம் உடம்பு சரியில்லை என்று சொல், அது பொய் இல்லை. பைக் சாவியை இப்போதே, இந்த வரியைப் படிக்கும் இந்த நிமிடமே, முனுசாமி மாமாவிடம் கொடுத்துவிடு. அதற்காகத்தான் அவரை அனுப்பியிருக்கிறேன். கொடுக்காமல் போகமாட்டார், நாஷ்டா போட்டாலும் போகமாட்டார். ஊரெல்லாம் இரும்பைக் கையில் கொடுத்து வைத்தியம் பார்க்கிறது. நாங்கள் இரண்டு கிழவர்களும் உன் கையில் இருந்து இரும்பைப் பிடுங்கி வைத்தியத்தை ஆரம்பிக்கிறோம். புதன்கிழமை காலை திருவள்ளூரில் ரயில் ஏறுவோம். எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அம்மா மாற்றலாகிப் போய்விட்டார், அந்த நாற்காலியில் இப்போது வேறு ஒருவர் இருக்கிறார். உள்ளே நானும் வருவேன். ஊதமாட்டேன். நம்பிக்கை இல்லாவிட்டால் கிள்ளு.

வரும்போது காலர் வைத்த சட்டையாகப் போட்டுக்கொண்டு வா. ஏன் என்று கேட்பாய். ஏழு கிரேன் பொய், இரண்டுதான். முப்பதடி வெளிச்சம் பொய், அளந்து பார்க்க அங்கே யாரும் நிற்கவில்லை. வராந்தாவில் ஆகாய மார்க்கமாகப் பறந்ததும் பொய், தரையைத் தேய்த்துக்கொண்டுதான் போனேன். ஆனால் என் பெயரை இரண்டாவது முறை கூப்பிட்டபோது நான் எழுந்து வாசல் பக்கம் ஓடப் பார்த்தேன். முனுசாமி கட்டுப் போட்ட அந்தக் கையால், புண் ஆறாத அந்தக் கையால், என் காலரைப் பிடித்து நிறுத்தினார். அந்தச் சின்ன இடம் மட்டும் நிஜம்.